புலப்படத்தில் இல்லாத கிணறு

நில அளவைக்காரர்களுக்கென்று கைப்பேசியில் ஒரு குழு இருக்கிறது. ஓய்வுபெற்றவர்களையும் அதில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். காலை வணக்கமும் பூப்படமும் பேரன் பிறந்தநாளும் ஓய்ந்த பிறகு, எப்போதாவது தொழில் பேச்சு வரும். போன மாதம் அதில் ஒரு படம் வந்தது. வயல் நடுவில் ஒரு கம்பு, அதன் உச்சியில் தட்டு மாதிரி ஒரு கருவி, பக்கத்தில் ஒரு பெண் சர்வேயர். வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோளோடு பேசி, நின்ற இடத்திலேயே அந்தக் கருவி அளவு சொல்லிவிடுகிறதாம். நிலம் அளக்கச் சங்கிலி இழுத்த காலத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுதுங்கள் சார் என்று அந்தப் பெண்ணே எனக்குக் கீழே குறிப்புப் போட்டிருந்தார்.

எழுத உட்கார்ந்தால் சங்கிலி வரமாட்டேன் என்கிறது. ஒரு பிளேடுதான் வருகிறது. முகம் மழிக்கிற பிளேடு, இரண்டாக ஒடித்த பாதி. சரி, அதையே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டலாம், நான் கோபித்துக்கொள்ளமாட்டேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெயில், கரும்புச் சோகை கிழித்த கை, இரும்புச் சங்கிலியின் எடை. செங்கோணம் பார்க்கிற கோணக்கட்டையை நட்டு அதன் பிளவு வழியாக ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கப் பார்க்க, ஊரில் எதைப் பார்த்தாலும் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் அப்படித்தான் பார்த்தேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

முதல் வேலை கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம். அந்த நாட்களை நான் முழுசாக விழித்திருந்து கழித்தேனா என்று எனக்கே சந்தேகம். காலையில் பனி இறங்கினால் நம் கையே நமக்குத் தெரியாது. சங்கிலியின் ஒரு நுனி என்னிடம், மறு நுனி செயின்மேன் அண்ணாமலையிடம். நடுவில் வெள்ளையாக ஒன்றுமில்லை. நான் இழுப்பேன். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து ஓர் இழுப்பு வரும். அவர் இருக்கிறார் என்பதற்கு அந்த இழுப்புத்தான் சாட்சி. கடுக்காய் மரத்திலிருந்து சொட்டுகிற ஈரத்தில் அளவுப் புத்தகத்தின் மை கரைந்து போகும். பகல் பத்து மணிக்குப் பனி விலகும்போது, நாங்கள் அளந்துகொண்டிருந்தது ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பு என்று தெரியவரும். பயந்துபோய் உட்கார்ந்து பீடி பிடிப்பார் அண்ணாமலை. எனக்கு ஏனோ பயம் வராது. அந்த வெள்ளைக்குள் திரும்பப் போய்விடலாம் போல இருக்கும்.

அங்கே வரைந்த முதல் புலப்படத்தைக் கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் ஆய்வாளர் சரோஜினி அம்மாவிடம் கொண்டுபோனேன். புலப்படம் என்றால் ஒரு நிலத்தின் எல்லையும் அளவும், உள்ளே இருக்கிற கிணறு, பாதை, மரம் எல்லாமும் கோடாக இறங்கிய தாள். அதில் அவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் அந்த நிலம் அரசாங்கத்தின் கண்ணில் அந்த வடிவத்தில் இருக்கும்.

சரோஜினி அம்மா அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, மூக்கின் நுனியில் கண்ணாடி. தாளை மேசையில் வைத்துப் பார்க்கவே மாட்டார்கள். எழுந்து சன்னலுக்குப் போய், இரண்டு கையாலும் தாளைத் தூக்கி, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடிப்பார்கள். அப்படிப் பிடித்தால் திருத்தி எழுதிய இடம், மை ஊறிய இடம், பிளேடால் சுரண்டிய இடம் எல்லாம் தெரிந்துவிடும். பார்த்து முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்.

"தண்ணி எங்கப்பா இருக்குது?"

எந்த நிலத்துக்கும் அதே கேள்விதான். கிணற்றையோ ஓடையையோ குட்டையையோ காட்டிவிட்டால் உடனே கையெழுத்து விழும். அன்றைக்கு நான், தண்ணீர் இல்லைங்க மா, ஒரு சுனை இருக்கிறது, ஆனால் வற்றிப்போய்விட்டது, அதனால் போடவில்லை என்றேன். அவர்கள் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வற்றினாலும் அது சுனைதானே என்றார்கள், அவ்வளவுதான். கச்சிராயபாளையம் வரை பேருந்து, பிறகு மலை ஏறுகிற வண்டி, அப்புறம் இரண்டு மணி நேர நடை. காய்ந்த பாறைப் பொந்து ஒன்றை மூன்று பக்கத்திலிருந்து அளந்து, சின்ன வட்டமாக வரைந்து கொண்டுவந்தேன். வழியெல்லாம் அந்த அம்மாவை மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் வந்தேன். அந்த வருஷம் ஐப்பசியில் அதே பக்கம் போனபோது பொந்து நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. குனிந்து குடித்தேன், பல் கூசியது.

இப்படிப்பட்டவன்தான் சமவெளிக்கு வந்து அந்தக் காரியத்தைச் செய்தேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில், அப்போது கரும்பும் நெல்லுமாக இருந்த இடத்தில், ஓர் அண்ணன் தம்பி நிலத்தை உட்பிரிவு செய்யப் போனேன். அண்ணன் பெயர் எல்லப்பன். தம்பி வெளியூரில் இருந்தார், வரவில்லை. நிலத்தின் நடுவில் கல் கட்டிய பழைய வட்டக் கிணறு. பன்னிரண்டடி அகலம், ஓரத்தில் பெரணிச் செடி. உச்சி வெயிலில் அளந்து முடித்தபோது எல்லப்பனின் மனைவி வாளியில் தண்ணீர் இறைத்து, நான் ஏந்திய கையில் ஊற்றினார். அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கிய குளிர்ச்சி இப்போதும் நெஞ்சில் ஓர் இடத்தில் இருக்கிறது.

வடகிழக்கு மூலை எல்லைக் கல்லிலிருந்து பதினான்கு மீட்டர், அங்கிருந்து செங்குத்தாக ஆறு மீட்டர். அங்கே கிணற்றின் நடு. அலுவலகத்துக்கு வந்து மையால் வட்டம் போட்டும் விட்டேன்.

மறுநாள் எல்லப்பன் வந்து நின்றார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, தன் பங்கை விற்றாக வேண்டும். பொதுக் கிணறு படத்தில் இருந்தால் யாருக்கு எத்தனை பங்கு என்று தம்பியும் வந்து ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். தம்பியோடு பேச்சுவார்த்தையே இல்லை. என் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி பேசினார்.

"அடுத்த வாரம் தூர்த்துடப் போறோம் சார். மூங்கி ஒண்ண நடுவுல நட்டு, மஞ்சத் துணி கட்டி, முறையாத்தான் தூர்ப்போம். கெணறு மூச்சு வுடணும் இல்லீங்களா. இல்லாம போவப் போறத எதுக்கு சார் படத்துல போட்டுக்கினு?"

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். கிணற்றை ஒரேயடியாக மூச்சடைத்து மூடமாட்டார்கள். கணு உடைத்த மூங்கிலோ குழாயோ ஒன்றை அடியிலிருந்து மேலே வரும்படி நட்டு, அதைச் சுற்றி மண் தள்ளுவார்கள். இல்லாவிட்டால் அது குடும்பத்தில் ஓர் உயிரைக் கேட்கும் என்று பயம்.

காசு வாங்கினாயா என்று கேட்பீர்கள். வாங்கவில்லை. ஒரு தகப்பன் வந்து நிற்கிறார், அடுத்த வாரம் இல்லாமல் போகிற ஒன்று, அவ்வளவுதானே என்று இரங்கிவிட்டேன். இரக்கம் என்று இப்போது சொல்கிறேன். தம்பிக்கு நோட்டீஸ் அனுப்பி, வரவழைத்து, விசாரித்து எழுதுகிற அலுப்பும் அதில் பாதி இருந்தது. பாதி பிளேடை எடுத்தேன். காய்ந்த மையைச் சுரண்டினால் மாவு மாதிரி எழும், ஊதிவிட்டால் போயிற்று. நகத்தால் தேய்த்து அந்த இடத்தை மழுமழுப்பாக்கினேன். வட்டம் இருந்த இடம் மற்ற இடத்தைவிட வெள்ளையாக ஆகிவிட்டது.

சரோஜினி அம்மா தாளைச் சன்னலில் பிடித்தார்கள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்த மாதிரி எனக்குத் தோன்றியது. வெளியே வேப்பமரம் ஆடியது, அதன் நிழல் தாளின் பின்பக்கத்தில் ஆடியது.

"இந்த எடத்துல இன்னா இருந்துச்சு?"

"மை சொட்டிடுச்சுங்க மா."

"தண்ணி?"

"பக்கத்து நெலத்துல இருந்து வாய்க்கால் வருதுங்க மா."

கையெழுத்துப் போட்டார்கள். மலைக்குத் திரும்ப ஏறிப்போய் வற்றிய சுனையை வரைந்து வந்தவன் பொய் சொல்லமாட்டான் என்று நம்பித்தான் போட்டிருக்க வேண்டும். அடுத்த ஆறு மாதத்தில் அவர்கள் ஓய்வுபெற்றுத் திருக்கோவிலூருக்குப் போய்விட்டார்கள்.

அப்புறம் நான் நூற்றுக்கணக்கான நிலங்களை அளந்தேன், எந்த அளவும் ஞாபகமில்லை. அந்தப் பதினான்கும் ஆறும் மட்டும் மறக்கவில்லை. முப்பத்தாறு வருஷம் ஒரு மெமோகூட வாங்காமல் ஓய்வுபெற்றேன். வழியனுப்பு விழாவில் அதைச் சொல்லித்தான் மாலை போட்டார்கள். மாலை கழுத்தில் உறுத்தியது.

ஓய்வுக்குப் பிறகு ஒரு நாள் காலை, ஒரு பெண்மணியும் அவர் கணவரும் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். பெயர் ஹாஜிரா. கடைத்தெருவில் திரைச்சீலை, மெத்தை விரிப்புக் கடை வைத்திருக்கிற குடும்பம். கணவர் வணக்கம் சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொண்டார். பேசியதெல்லாம் அந்த அம்மாதான். பையிலிருந்து ஒரு நகலை எடுத்து என் முன் விரித்தார். என் புலப்படம்.

"கீழ இருக்கிற கையெழுத்து உங்களுதுங்களா சார்?"

"ஆமாம்மா."

"அப்போ நேர்ல பாத்தது நீங்கதான். எங்க வூடு இருக்கிற எடத்துல முன்னாடி இன்னாங்க இருந்துச்சு?"

சரோஜினி அம்மா கேட்ட அதே கேள்வி. வயல் இருந்தது அம்மா என்றேன்.

அவர்கள் கதை இதுதான். அந்த நிலம் கைமாறிக் கைமாறி, குமரேசன் என்கிற கட்டுமானக்காரரிடம் வந்தது. மேஸ்திரியாக இருந்து மேலே வந்தவர். மூன்று மாடியில் பன்னிரண்டு வீடுகள் கட்டி விற்றார். அப்பா காலத்து வீட்டைக் கொடுத்துவிட்டு இவர்கள் தரைத்தளத்தில் ஒன்றை வாங்கினார்கள். இரண்டாம் வருஷம் சமையலறை மூலையில் முடி மாதிரி ஒரு விரிசல். குமரேசன் ஆள் அனுப்பி, பட்டி தடவி, வர்ணம் அடித்துக் கொடுத்தார். மறுபடி வந்தது, மறுபடி அடித்தார். மூன்றாம் முறை, நீங்கள் புகைபோக்கிக்குச் சுவரில் துளை போட்டதால்தான் இப்படி என்று சொல்லிவிட்டார். தனியாக ஒரு பொறியாளரை வைத்துப் பார்த்ததில், ஒரு தூணுக்குக் கீழே மண் இறங்குகிறது, ஏன் என்று தோண்டாமல் சொல்லமுடியாது என்றிருக்கிறார். வழக்கு நுகர்வோர் ஆணையத்தில் இருந்தது. ஒப்படைத்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரியவந்தால் கட்டியவர்தான் பொறுப்பு என்று சட்டம் இருக்கிறது. குமரேசனின் வக்கீல், இது கட்டுமானக் குறையே இல்லை, பூமி தானாக இறங்கினால் என் கட்சிக்காரர் என்ன செய்வார், அரசாங்கப் படத்தைப் பார்த்துத்தான் கட்டினார், அதில் சுத்தமான நிலம் என்றுதானே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அந்த அரசாங்கப் படத்தைத்தான் அந்த அம்மா என் முன் விரித்து வைத்திருந்தார்.

வீட்டைப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் பகல் போனேன். விரிசல் சமையலறை மூலையில் தொடங்கி, கதவுக்கு மேலே வளைந்து, கூடத்துச் சுவருக்குள் போயிருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அது எதுவரை வந்திருக்கிறதோ அங்கே பென்சிலால் சின்னக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதியிருந்தார் ஹாஜிரா. சுவர் முழுக்க வரிசையாகத் தேதிகள். இத்தனை ஒழுங்காக எங்கள் அளவுப் புத்தகத்தில்கூட யாரும் எழுதிப் பார்த்ததில்லை. சப்பாத்திக் கட்டையை அடுப்பு மேடையில் வைத்தார். அது யோசிக்கிற மாதிரி ஒரு நொடி நின்றுவிட்டு, மெல்ல மூலையைப் பார்த்து உருண்டது.

"படுக்கிற ரூம் கதவு சாத்த வராம மூணு மாசம் ஆவுது சார். ராத்திரில்லாம் இது இன்னா பண்ணும்னு பாத்துக்கினே கெடக்கிறோம். இதவுட்டா எங்களுக்கு வேற வூடு இல்ல."

வெளியே போனேன். சுற்றுச்சுவர் மூலையில் வடகிழக்குக் கல் அப்படியே இருந்தது, தலையில் மட்டும் வர்ணம் சிந்தியிருந்தது. நாடாவைப் பிடிக்கச் சொல்லி அவர் கணவரிடம் ஒரு நுனியைக் கொடுத்தேன். சுவர் குறுக்கிட்ட இடங்களில் துண்டு துண்டாகப் பிரித்து அளந்துகொண்டே உள்ளே வந்தேன். பதினான்கு. ஆறு. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே வந்து நின்றேன். கடையில் திரைச்சீலை வெட்டுவதற்குக் குறி போடுகிற தையல் சாக்கட்டி அவர்களிடம் இருந்தது. நூலில் கட்டி, முழந்தாளிட்டு, தரையில் பன்னிரண்டடி வட்டம் போட்டேன். சுவர் மறித்த இடத்தில் நிறுத்தி, மறுபக்கம் போய்த் தொடர்ந்தேன். அடுப்பு மேடை பாதி உள்ளே, தூண் விளிம்பில். விரிசல் கதவுக்கு மேலே எங்கே வளைந்ததோ, அதன் நேர் கீழே என் வட்டமும் வளைந்தது.

அந்த நிமிஷம் எனக்கு அது சாக்கட்டிக் கோடாகத் தெரியவில்லை. ஓரத்தில் பெரணிச் செடி தெரிந்தது. வெகு கீழே ஒரு துண்டு வானம் தெரிந்தது. தரையில் கை ஊன்றிக்கொண்டேன். தண்ணீர் வேண்டுமா என்று ஹாஜிரா கேட்டார், வேண்டாம் என்றேன்.

இங்கே ஒரு கிணறு இருந்தது அம்மா என்றேன். படத்தில் ஏன் இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

அப்போதுதான் எல்லப்பன் சொன்ன மூங்கில் ஞாபகத்துக்கு வந்தது. கட்டியவர் அதன் மூச்சை அடைக்கப் பயந்திருந்தால் குழாயாக மேலே கொண்டுபோயிருக்க வேண்டும் என்று மொட்டைமாடிக்கு ஏறினோம். மழைநீர்க் குழாய்கள், கழிவறைக் காற்றுக் குழாய்கள் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தேன். ஒன்று அதிகமாக இருந்தது. துணி காயப்போடுகிற கொடியின் ஒரு நுனி அதில்தான் கட்டியிருந்தது. நான்கு வருஷமாக அதைப் பிடித்துக்கொண்டு துணி உலர்த்துகிறேன், எதற்கு என்று கேட்டதே இல்லை என்றார் ஹாஜிரா. குழாயின் தலையில் கொசுவலை கட்டியிருந்தார்கள். எந்த மாடியிலும் எந்த வீட்டோடும் அது சேரவில்லை. குழாய்கள் இறங்குகிற சந்து வழியாக நேரே கீழே போய், இவர்கள் சமையலறைச் சுவருக்குப் பின்னால் தரைக்குள் நுழைந்து சாய்வாக உள்ளே போனது. நுழைகிற இடத்தில் நைந்துபோன ஒரு துணி முடிச்சு இருந்தது. ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்திருக்க வேண்டும்.

உச்சி வெயிலில் மாடி கொதித்துக்கொண்டிருந்தது. வலையின் மேல் உள்ளங்கையை வைத்தேன். கீழேயிருந்து குளிர்ச்சியாக, மெதுவாக, காற்று வந்துகொண்டிருந்தது. ஹாஜிராவும் கையை வைத்துப் பார்த்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

ஆக, குமரேசனுக்குத் தெரியும். கிணறு என்று தெரிந்துதான் தூணை நட்டிருக்கிறார். ஆனால் கிணறு இருந்தது என்று யாராவது சத்தியம் செய்து சொன்னால்தான் அது கிணற்றுக் குழாய். இல்லாவிட்டால் கொடி கட்டுகிற குழாய். எல்லப்பன் செத்துப்போய்விட்டார். இங்கே முன்பு என்ன இருந்தது என்று ஹாஜிரா ஏற்கெனவே போய்க் கேட்டதற்குத் தம்பி, பழைய கதை எதற்கு என்று கையை விரித்துவிட்டாராம்.

"நீங்க வந்து சொல்லுவீங்களா சார்?"

பார்க்கலாம் அம்மா என்றேன். தாலுகா அலுவலகத்தில் வேலை செய்தவன் வாயில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஹாஜிராவுக்கும் தெரிந்தது.

நான் அளந்துவிட்டுப் போனது எப்படியோ காதுக்கு எட்டி, நாலு நாள் கழித்துக் குமரேசன் என் வீட்டுக்கு வந்தார். மரியாதையான மனிதர், செருப்பை வாசலுக்கு வெகு தூரத்திலேயே கழற்றிவிட்டு வந்தார். என் மனைவி கொடுத்த முறுக்கைச் சாப்பிட்டார். என் உடம்பை விசாரித்தார். பிறகு சொன்னார்.

"உங்க படத்த நம்பித்தான் சார் நான் கட்டுனேன். இப்போ போய் கெணறு இருந்துச்சுன்னு சொன்னீங்கன்னா, அன்னைக்கு ஏன் போடலன்னு உங்களத்தான கேப்பாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

என்னைத்தான் கேட்பார்கள் என்பதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்கு அப்படிக் கோபம் வந்தது. அவர் போன பிறகு மனைவியின் மேல் எரிந்து விழுந்தேன், முறுக்கு எதற்குக் கொடுத்தாய் என்று. வந்தவருக்கு முறுக்குக் கூடவா கொடுக்கக்கூடாது, உங்களுக்கு என்னதான் ஆயிற்று என்றாள். சொல்லவில்லை. மதியம் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினால் பனி வந்துவிடும். சங்கிலியை நான் இழுப்பேன். அந்தப் பக்கத்திலிருந்து இழுப்பு வராது.

ஒரு வாரம் பொறுத்து நானே ஹாஜிராவுக்குப் பேசினேன், எப்படி அம்மா இருக்கிறீர்கள் என்று. குறை சொல்லவில்லை அவர்.

"அடுப்ப கூடத்துக்கு மாத்திக்கினேன் சார். அந்த ரவுண்டுக்குள்ள நின்னு சமைக்க பயமா இருக்குது. யாரும் உள்ள கால் வைக்கிறதில்ல. சுத்தித்தான் போறோம். தொடைக்கும்போதுகூட கோட்ட அழிக்கல."

ஃபோனை வைத்தேன். ஒரு சாக்கட்டித் துண்டால் ஒரு குடும்பத்தின் சமையலறையை மூடிவிட்டு வந்திருக்கிறேன். நான் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க, அவர்கள் என் கோட்டைச் சுற்றி நடக்கிறார்கள். தூ, என்ன பிழைப்பு என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். அவளிடம் முதலில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, விசாரணை என்றைக்கு, வெள்ளைச் சட்டை சலவைக்குப் போட வேண்டுமா என்று மட்டும் கேட்டாள்.

ஆணையத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர், பக்கத்தில் ஒரு பெண் உறுப்பினர். என் வாக்குமூலத்தை எழுத்தில் கொடுத்திருந்தேன். பதிவறையிலிருந்து மூலத் தாளையே வரவழைத்திருந்தார்கள். கணினியில் ஏற்றிய படத்தில் ஒன்றுமே தெரியாது. அது மேல்பக்கத்தை மட்டும் பார்த்து எடுத்தது.

குமரேசனின் வக்கீல் என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். கையெழுத்து உங்களுடையதா, ஆம். படத்தில் கிணறு இருக்கிறதா, இல்லை. அரசாங்கத் தாளில் இல்லாத கிணறு, ஓய்வுபெற்ற பிறகு உங்கள் ஞாபகத்தில் மட்டும் எப்படி வந்தது என்று கேட்டுவிட்டு, சிரித்தபடி திரும்பிக் குமரேசனைப் பார்த்தார். நான் தலைவரைப் பார்த்தேன்.

"அய்யா, அந்தத் தாள கொஞ்சம் சன்னல்கிட்ட எடுத்துக்கினு போயி, வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க."

பெண் உறுப்பினர்தான் எழுந்து போனார். இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். கோடுகளுக்கு நடுவே, சுரண்டி மெலிந்த இடத்தில், சின்ன வட்டமாக வெளிச்சம் இந்தப் பக்கம் வந்தது. அறையில் எல்லோருக்கும் தெரிந்தது.

நான்தான் சுரண்டினேன், எல்லையைத் தொடவில்லை, கிணற்றை மட்டும் எடுத்துவிட்டேன் என்றேன். வக்கீல் விடவில்லை. அது வேறு ஏதோ திருத்தமாக ஏன் இருக்கக்கூடாது, இத்தனை வருஷத்துக்குப் பிறகு கிணறுதான் என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள் என்றார்.

"அன்னைக்கு அதுல தண்ணி குடிச்சேன்ங்க."

பிறகு குழாயின் புகைப்படத்தைக் காட்டி, இது எதற்கு என்று தலைவர் குமரேசனைக் கேட்டார். மழைநீருக்கு என்று தொடங்கினார் குமரேசன். அடியில் மஞ்சள் துணி எதற்கு என்றார் தலைவர்.

தாழ்வாரத்தில் என் பக்கமாக வந்தார் குமரேசன். சண்டைக்கு வருகிறார் என்றுதான் நினைத்தேன்.

"எங்க அப்பாரு கெணறு வெட்டுற ஆளு சார். அஸ்திவாரம் தோண்டும்போது மூங்கி நீட்டிக்கினு இருந்துச்சு. பாத்ததும் புரிஞ்சிடுச்சு. வூட்ட நகத்திக் கட்டியிருக்கணும், கட்டல. ஆனா மூச்ச அடைக்க மட்டும் கை வரல."

அந்த மனிதர் ஒரு குடும்பத்தை ஏமாற்றினார். ஆனாலும் கிணற்றுக்கு மூன்று மாடி உயரத்துக்கு மூச்சு விட்டிருக்கிறார். நான் பேனாவால் ஒரு வட்டம்கூட விடவில்லை. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனோம்.

சில மாதங்களில் உத்தரவு வந்தது. எதன் மேல் கட்டுகிறோம் என்று பார்க்க வேண்டியது கட்டுகிறவரின் கடமை, படத்தில் இல்லை என்று சொல்லி அதிலிருந்து தப்பிக்க முடியாது, மறைந்திருந்த குறைக்கு அவரே பொறுப்பு என்று எழுதியிருந்தார்கள். ஹாஜிரா குடும்பத்துக்குச் சமமான வேறு வீடு தர வேண்டும், மற்ற வீடுகளுக்கு ஆபத்து வராதபடி அந்தத் தூணின் அஸ்திவாரத்தைத் தன் செலவில் பலப்படுத்த வேண்டும். உத்தரவின் நகல் ஒன்று என் துறைக்கும் போனது. வாழ்நாளில் வாங்காத மெமோ, விளக்கம் கேட்டு, தபாலில் வீட்டுக்கே வந்தது. என் மனைவி அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு பக்கத்தில் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பிவிட்டேன். என்ன செய்வார்களோ செய்யட்டும். ஹாஜிரா புது வீட்டிலிருந்து பேசினார், அடுப்பு சமையலறையில்தான் இருக்கிறது என்றார்.

ஒன்று பாக்கி இருந்தது. பழைய எண்ணைத் தேடிப் பிடித்துத் திருக்கோவிலூருக்குப் பேசினேன். சரோஜினி அம்மாவுக்கு இப்போது கண் சரியில்லை, காது நன்றாக இருக்கிறது. என் பெயரைச் சொன்னதும், மலைக்குத் திரும்பப் போன பிள்ளைதானே என்றார்கள். அது மை சொட்டிய இடம் இல்லைங்க மா என்று தொடங்கி, எல்லப்பன், பிளேடு, ஹாஜிரா, சன்னல் வெளிச்சம் வரை நிறுத்தாமல் சொன்னேன். கடைசியில் மன்னிப்பும் கேட்டேன். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"தண்ணி எப்படிப்பா இருந்துச்சு?"

"இனிப்பா இருந்துச்சுங்க மா."

"அப்போ அத போட்டுருக்கணும்பா" என்றார்கள். வைத்துவிட்டார்கள்.